ஒரே மசோதா, ஒரே போர், நான்கு அதிபர்கள்: வெள்ளை மாளிகையின் திறமையை எப்படி அளப்பது?

அதிபர்களுக்கு ராங்க் போடுவது அமெரிக்காவில் பழைய வழக்கம். 1962-இல் வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர் சீனியர் 75 அறிஞர்களைக் கேட்டு ஒரு பட்டியல் தயாரித்தார். எட்டு வருடம் பதவியில் இருந்துவிட்டு முந்தைய ஆண்டுதான் வீட்டுக்குப் போயிருந்த ட்வைட் ஐசன்ஹோவருக்கு 31 பேரில் இருபதுக்கும் கீழே ஓர் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் செஸ்டர் ஆர்தர். அமெரிக்கர்களுக்கே சட்டென்று பெயர் நினைவுக்கு வராத அதிபர் அவர். அதே ஐசன்ஹோவர் 2017-இலும் 2021-இலும் சி-ஸ்பான் தொலைக்காட்சி வரலாற்றாசிரியர்களிடம் நடத்திய கணிப்பில் ஐந்தாம் இடத்தில் இருந்தார். அவர் இறந்தது 1969-இல். அதற்குப் பிறகு புதிதாக எதையும் சாதித்திருக்க முடியாது.

ஹாரி ட்ரூமன் கதையும் இப்படித்தான். 1952 பிப்ரவரியில் கேலப் கருத்துக்கணிப்பில் அவருக்கு இருந்த ஆதரவு 22 சதவீதம். பத்தே ஆண்டில், ஷ்லெசிங்கரின் அதே பட்டியலில் அவர் முதல் பத்துக்குள் வந்துவிட்டார்.

ஆட்கள் அவர்களேதான், அளவுகோல்தான் மாறியது. 'சிறந்த அதிபர்', 'பிரபலமான அதிபர்', 'காரியத்தை முடித்த அதிபர்' ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்தப் பட்டியல்கள் புரியாமல் போகின்றன. இங்கே பார்க்கப்போவது மூன்றாவதை மட்டும். 1945 முதல் 1969 வரை ஆண்ட ட்ரூமன், ஐசன்ஹோவர், கென்னடி, ஜான்சன் என்ற நால்வரில் யார் நினைத்ததை நடத்திக்காட்டினார்கள், எப்படி? பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைச் சேர்க்கவில்லை. பொருளாதாரப் பெருமந்தம், உலகப் போர், பன்னிரண்டு வருடப் பதவி என்று வாழ்ந்தவர் பக்கத்தில் யாரை நிறுத்தினாலும் தராசு கோணலாகத்தான் நிற்கும்.

அதிபர் கையில் என்னதான் இருக்கிறது?

நம் ஊரில் சட்டமன்றப் பெரும்பான்மை இருந்தால் மசோதா நிறைவேறும். கொறடா உத்தரவை மீறினால் உறுப்பினர் பதவியே போய்விடும். அமெரிக்காவில் இந்தப் பிடி கிடையாது. அதிபர் சட்டமன்றத்தில் உட்காருவதில்லை. அவரால் அங்கே ஒரு மசோதாவை நேரடியாகக் கொண்டுவரக்கூட முடியாது. சொந்தக் கட்சிக்காரர் எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. இந்த ஒப்பீட்டுக்குத் தேவையான சொற்கள் இவை:

1. காங்கிரஸ்: கட்சியின் பெயர் இல்லை, நாடாளுமன்றத்தின் பெயர். 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை, மாநிலத்துக்கு இருவராக செனட் என்று இரண்டு அவைகள். இரண்டிலும் தேறினால்தான் சட்டம்.

2. குழுத் தலைவர்: எந்த மசோதாவும் முதலில் ஒரு குழுவுக்குப் போகும். அன்றைய வழக்கப்படி, குழுவில் அதிக காலம் இருந்த பெரும்பான்மைக் கட்சிக்காரரே தலைவர். அவர் மசோதாவை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டால் கேட்பாரில்லை.

3. ஃபிலிபஸ்டர்: செனட்டில் பேசிப் பேசியே ஒரு மசோதாவைக் கொல்லும் உரிமை. பேச்சை நிறுத்த அன்று மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு, அதாவது 100 பேரும் வந்திருந்தால் 67 ஓட்டு வேண்டும்.

4. வீட்டோ: காங்கிரஸ் நிறைவேற்றியதை அதிபர் திருப்பி அனுப்பும் அதிகாரம். இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் அதையும் முறியடிக்கலாம்.

5. நிர்வாக ஆணை: காங்கிரஸைக் கேட்காமல், அரசு இயந்திரத்துக்கு மட்டும் அதிபர் போடும் உத்தரவு.

இவற்றோடு அந்தக் காலத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நால்வரில் ஐசன்ஹோவர் குடியரசுக் கட்சி, மற்ற மூவரும் ஜனநாயகக் கட்சி. இந்த ஜனநாயகக் கட்சி பெயருக்குத்தான் ஒரே கட்சி. வடக்கே தொழிற்சங்கம், நகரம், கறுப்பின வாக்காளர். தெற்கே இனப் பிரிவினையைக் காக்கும் வெள்ளையர் அரசியல். தெற்கத்தி உறுப்பினர்களுக்குத் தேர்தலில் எதிரியே இல்லாததால் அவர்கள்தான் மூப்பில் முந்தினார்கள். முக்கியக் குழுக்களின் தலைமையும் அவர்களிடமே போய்ச் சேர்ந்தது. மக்கள் பிரச்சினை என்று வந்தால் அவர்கள் குடியரசுக் கட்சியின் பழமைவாதிகளோடு கைகோத்துக்கொள்வார்கள். எனவே 'காங்கிரஸில் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை' என்ற வரியைப் படித்துவிட்டு அந்த அதிபருக்கு வழி திறந்திருந்தது என்று முடிவு கட்டினால் கணக்குத் தப்பிவிடும்.

தனக்குப் பின் வரப்போகும் ஐசன்ஹோவரைப் பற்றி ட்ரூமன் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு: பாவம், இங்கே வந்து உட்கார்ந்து 'இதைச் செய், அதைச் செய்' என்பார், ஒன்றுமே நடக்காது, இது ராணுவம் மாதிரி இருக்காது என்று. ஏழு வருடம் பட்டவர் பேச்சு. ஆனால் ஆளைத் தப்பாக எடைபோட்டிருந்தார். அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரே கேள்வித்தாள்: முதியோர் மருத்துவக் காப்பீடு

நால்வரையும் ஒப்பிட நல்ல வழி, நால்வர் மேசைக்கும் வந்த ஒரே விவகாரத்தை எடுத்துக்கொள்வது. மருத்துவக் காப்பீடு அப்படி ஒன்று.

போர் முடிந்த கையோடு, 1945 நவம்பர் 19 அன்று, நாட்டில் எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று ட்ரூமன் காங்கிரஸுக்குச் செய்தி அனுப்பினார். அமெரிக்க மருத்துவர் சங்கம் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியது. உறுப்பினர் தலைக்கு 25 டாலர் வசூலித்து, ஒரு விளம்பர நிறுவனத்தை அமர்த்தி, 'இது சோஷலிச வைத்தியம்' என்று நாடெங்கும் பரப்பியது. பனிப்போர் சூடுபிடித்த வேளையில் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மசோதா குழுவைத் தாண்டவே இல்லை. ஆனால் தோற்ற பிறகு ட்ரூமனின் அதிகாரிகள் ஒரு வேலை செய்தார்கள். எல்லோருக்கும் என்பதைச் சுருக்கி, 65 வயது தாண்டியவர்களுக்கு மருத்துவமனைச் செலவு மட்டும் என்று திட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். பின்னால் முளைத்தது இந்த விதைதான்.

ஐசன்ஹோவருக்கு அரசுக் காப்பீட்டில் நம்பிக்கை இல்லை. அவர் காலத்தில் வந்த 1954 வருமான வரிச் சட்டம், முதலாளிகள் ஊழியருக்குக் கட்டும் மருத்துவக் காப்பீட்டுத் தொகைக்கு வரி கிடையாது என்பதை உறுதிப்படுத்தியது. பத்திரிகைகளில் பெரிதாக யாரும் பேசாத பிரிவு அது. ஆனால் வேலையோடு சேர்ந்து வரும் காப்பீடு என்ற அமெரிக்க வழக்கத்தை வேரூன்ற வைத்ததில் அந்தப் பிரிவுக்குப் பெரும்பங்கு உண்டு. இன்று ஐ.டி. வேலைக்கு அங்கே போகிறவர்கள் வேலை போனால் வைத்தியத்துக்கு என்ன செய்வது என்று பயப்படுகிறார்களே, அந்தப் பயத்தின் பூர்வீகம் இங்கே இருக்கிறது. பதவியின் கடைசி ஆண்டான 1960-இல், வறிய முதியவர்களுக்காக மாநிலங்களுக்கு மானியம் தரும் ஒரு சின்னச் சட்டத்திலும் கையெழுத்திட்டார்.

கென்னடி இதை மேடைக்குக் கொண்டுபோனார். 1962 மே 20 அன்று நியூயார்க்கில் மாடிசன் ஸ்கொயர் கார்டன் நிரம்பி வழிய, தொலைக்காட்சியில் நேரலையாகப் பேசினார். இரண்டு மாதம் கழித்து செனட்டில் ஓட்டு: 52-க்கு 48, தோல்வி. அன்று நாட்டில் அவருக்கு இருந்த செல்வாக்குக்கு வேறு எந்த அதிபரும் ஏங்குவார். அந்தச் செல்வாக்கு செனட் வாசலோடு நின்றுவிட்டது.

சரி, ஜான்சன் வந்ததும் 1965-இல் நிறைவேறிவிட்டதே, அவர்தானே கெட்டிக்காரர் என்று தோன்றும். இடையில் 1964 இருக்கிறது. அந்த செப்டம்பரில் இதே திட்டம் செனட்டில் 49-க்கு 44 என்று வென்றது; இரு அவைகளும் கூடிச் சமரசம் பேசிய இடத்தில், பிரதிநிதிகள் சபையின் வரிக்குழுத் தலைவர் வில்பர் மில்ஸ் அதை அமுக்கிவிட்டார். அர்கன்சாஸ்காரர், ஜனநாயகக் கட்சிக்காரர்தான். அதிபர் நாற்காலியில் இருந்தவர் இதே ஜான்சன், இதே திறமைதான், முடிவு தோல்வி.

அப்புறம் நடந்தது தேர்தல். 1964 நவம்பரில் ஜான்சன் 61 சதவீத ஓட்டு வாங்கினார். அவரோடு சேர்ந்து பிரதிநிதிகள் சபையில் 295 பேரும் செனட்டில் 68 பேருமாக ஜனநாயகக் கட்சி வெள்ளமாக உள்ளே வந்தது. மில்ஸின் குழுவிலேயே கட்சிகளின் கணக்கு 15-க்கு 10 என்பதிலிருந்து 17-க்கு 8 என்று மாறியது. ஓட்டு எண்ணத் தெரிந்தவர் மில்ஸ். தடுக்க முடியாது என்று தெரிந்ததும் தானே முன்னால் நின்று, மருத்துவமனைச் செலவு, டாக்டர் கட்டணம், ஏழைகளுக்கான மெடிகெய்டு என்று மூன்று திட்டங்களை ஒரே மசோதாவில் அடுக்கி, ஜான்சன் கேட்டதைவிடப் பெரிதாகவே தந்தார். 1965 ஜூலை 30 அன்று மிசௌரி மாநிலம் இண்டிபெண்டன்ஸ் ஊருக்கே போய், 81 வயது ட்ரூமன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஜான்சன் கையெழுத்துப் போட்டார். முதியோர் காப்பீட்டுக்கு மெடிகேர் என்று பெயர்; அதன் முதல் அட்டை ட்ரூமனுக்கு.

இருபது வருடத்தில் கேள்வித்தாள் பெரிதாக மாறவில்லை. தேர்வு மண்டபம் மாறியது. 1965-ஐ வைத்து ஜான்சனின் சட்டமன்றத் திறமையைப் புகழ்வது பாதி நியாயம்தான். அந்த மண்டபம் கிடைத்திருந்தால் கென்னடியும் மெடிகேரை நிறைவேற்றியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் ஜான்சனின் உண்மையான சாதனை எது?

1964. பழைய காங்கிரஸ், பழைய குழுத் தலைவர்கள், அதே தெற்கத்திச் சுவர். கென்னடி சுடப்பட்டு இறந்தபோது இரண்டு மசோதாக்கள் கிடப்பில் கிடந்தன: வரிக்குறைப்பு, இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் குடிமை உரிமைச் சட்டம். ஜான்சன் அவற்றை நகர்த்திய விதம் பாடமாகப் படிக்கத்தக்கது.

1. முதலில் வரி. குடிமை உரிமைச் சட்டம் செனட்டுக்குள் நுழைந்தால் மாதக்கணக்கில் ஃபிலிபஸ்டர் நடக்கும், வரி மசோதா அதற்குள் பணயக்கைதியாக மாட்டிக்கொள்ளும். ஆகவே அதை முன்கூட்டியே வெளியே எடுக்க வேண்டும். நிதிக்குழுத் தலைவர் ஹாரி பேர்ட், பட்ஜெட் 10,000 கோடி டாலருக்குக் கீழே வந்தால்தான் பேச்சு என்றார். ஜான்சன் 9,790 கோடிக்கு வெட்டிக்கொண்டு வந்தார். சிக்கனத்தைக் காட்ட வெள்ளை மாளிகையில் சுற்றி வந்து விளக்குகளை அணைத்ததும் இந்தக் காலத்தில்தான். ஊரே கேலி செய்தது. வரிச் சட்டம் பிப்ரவரி 26-இல் முடிந்தது.

2. குடிமை உரிமை மசோதா, விதிக்குழுத் தலைவரான வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித்திடம் முடங்கிக் கிடந்தது. உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கி மசோதாவைக் குழுவிலிருந்து பிடுங்கும் விதி ஒன்று உண்டு. அதைக் காட்டி அழுத்தம் கொடுத்ததில் ஜனவரி கடைசியில் ஸ்மித் விட்டுக்கொடுத்தார். பிப்ரவரி 10 அன்று பிரதிநிதிகள் சபை 290-க்கு 130 என்று நிறைவேற்றியது.

3. செனட்டில் சொந்தக் கட்சி மட்டும் போதாது என்று ஜான்சனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். குடியரசுக் கட்சித் தலைவர் எவரெட் டர்க்சன் வந்தாக வேண்டும். மசோதாவை முன்னின்று நடத்திய ஹியூபர்ட் ஹம்ஃப்ரியிடம், டர்க்சனோடு சேர்ந்து குடி, பேசு, அவர் நாயகனாகத் தெரியும்படி பார்த்துக்கொள் என்ற பொருளில் சொல்லி அனுப்பினார். அறுபது வேலை நாள் ஃபிலிபஸ்டர் நடந்தது. ஜூன் 10 அன்று பேச்சை நிறுத்தும் தீர்மானம் 71-க்கு 29. ஆதரித்தவர்களில் 44 பேர் ஜனநாயகக் கட்சி, 27 பேர் குடியரசுக் கட்சி. அந்த 27 இல்லாவிட்டால் சட்டம் இல்லை.

களம் கொடுத்ததற்கு மேல் ஒருவர் எடுத்துக்காட்டியது என்றால் இதைத்தான் சொல்வேன். 1965-இல் வெற்றி தானாக மடியில் வந்து விழுந்தது என்று சொல்லவில்லை. அன்று அலை அவர் பக்கம் இருந்தது, 1964-இல் இல்லை.

இந்தச் சட்டத்தின் பல் எங்கே கடித்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதன் ஆறாவது பிரிவு, அரசுப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் இனப் பாகுபாடு காட்டக்கூடாது என்றது. 1966 ஜூலை 1 அன்று மெடிகேர் தொடங்கியபோது, அந்தப் பணம் வேண்டுமென்றால் கறுப்பருக்கு ஒரு வார்டு, வெள்ளையருக்கு ஒரு வார்டு என்பதை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவமனைகளுக்குச் சொல்லப்பட்டது. பல பத்தாண்டுகளாக அசையாத தெற்கத்தி மருத்துவமனைகள் சில மாதங்களில் வழிக்கு வந்தன. சட்டம் சொல்லிக் கேட்காதவர்கள் கல்லாப்பெட்டி சொல்லிக் கேட்டார்கள்.

ஆளை நெருக்கிப் பிடித்து வேலை வாங்கும் இந்தப் பாணியை ஜான்சன் இந்தியாவிடமும் காட்டினார். பஞ்சக் காலத்தில் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின் கோதுமையை மொத்தமாகத் தராமல், மாதாமாதம் தானே பார்த்து, கப்பல் கப்பலாக விடுவித்தார். விவசாயத்தில் முதலீடு செய்ய இந்தியாவைத் தள்ளுவது ஒரு நோக்கம். வியட்நாம் குண்டுவீச்சை டெல்லி விமர்சித்த எரிச்சல் இன்னொரு பக்கம். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனோடு உட்கார்ந்து, விவசாயக் கொள்கை மாற்றங்களுக்கு ஒப்புக்கொண்டவர் நம் விவசாய அமைச்சர் சி. சுப்பிரமணியம். அவர் ஏற்கெனவே செய்ய விரும்பிய மாற்றங்கள்தான் அவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எதிர்க்கட்சியைக் கூட்டாளியாக்கிய ட்ரூமன்

82 நாள் துணை அதிபராக இருந்துவிட்டு, ரூஸ்வெல்ட் இறந்ததால் நாற்காலிக்கு வந்தவர். 1946 தேர்தலில் இரண்டு அவைகளும் குடியரசுக் கட்சியிடம் போயின. உள்நாட்டில் அதன்பின் அவருக்கு அடி மேல் அடி. தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்தும் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் 1947-இல் அவருடைய வீட்டோவை மீறி நிறைவேறியது. பதவிக்காலம் முழுக்க அவர் போட்ட 250 வீட்டோக்களில் 12 முறியடிக்கப்பட்டன.

ஆனால் அதே காங்கிரஸ்தான் மார்ஷல் திட்டத்தையும் தந்தது. போரில் நொறுங்கிய மேற்கு ஐரோப்பாவை நிமிர்த்த நான்கு ஆண்டில் சுமார் 1,300 கோடி டாலர். செலவைக் குறைப்போம் என்று சொல்லி ஜெயித்து வந்த எதிர்க்கட்சியிடமிருந்து அதை வாங்கியது எப்படி? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

1. தன் பெயரை ஒளித்துக்கொண்டார். ட்ரூமன் திட்டம் என்று போனால் அங்கேயே செத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். இரு கட்சியும் மதித்த ஜெனரல் ஜார்ஜ் மார்ஷல் வெளியுறவு அமைச்சராக இருந்தார், பெயர் அவருடையதாயிற்று.

2. செனட் வெளியுறவுக் குழுத் தலைவர், குடியரசுக் கட்சியின் ஆர்தர் வாண்டன்பர்க் திருத்தம் கேட்டபோதெல்லாம் கொடுத்தார். பணத்தை வெளியுறவுத் துறை கையாளக்கூடாது, தனி அமைப்பு வேண்டும் என்றார் வாண்டன்பர்க்; சரி. அதை ஒரு தொழிலதிபர் நடத்தட்டும் என்றார். ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனியின் தலைவர் பால் ஹாஃப்மன் வந்தார், அவரும் குடியரசுக் கட்சிக்காரர்.

3. பயமும் கைகொடுத்தது. 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாகியா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனது. மார்ச்சில் செனட் 69-க்கு 17 என்று ஓட்டுப் போட்டது.

காங்கிரஸ் வழியே முடியாததை அவர் வேறு வழியில் செய்தார். 1948 ஜூலை 26 அன்று போட்ட 9981-ஆம் நிர்வாக ஆணை ராணுவத்தில் இனப் பிரிவினையை முடிக்கச் சொன்னது. தெற்கத்தி செனட்டர்கள் எத்தனை மணி நேரம் பேசினாலும் அதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் ஓட்டெடுப்பே கிடையாது. இந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. 1952-இல், கொரியப் போர் நடக்கும்போது, வேலைநிறுத்தத்தைத் தவிர்க்க எஃகு ஆலைகளை அரசு கையகப்படுத்தும் என்று ஆணை போட்டார். உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அடித்துவிட்டது.

ஐசன்ஹோவர்: நடக்காதவற்றின் கணக்கு

1950-களின் பத்திரிகையாளர்கள் பார்த்த ஐசன்ஹோவர் கோல்ஃப் ஆடுகிறவர், செய்தியாளர் கூட்டத்தில் வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவர், வேலையை அமைச்சர்களிடம் விட்டுவிட்டவர். 1962 பட்டியலுக்கு அந்தப் பார்வைதான் அடிப்படை. 1970-களில் கான்சாஸ் மாநிலம் அபிலீனில் உள்ள அவருடைய நூலகத்தில் அந்தரங்கச் செயலாளர் ஆன் விட்மன் காத்த கோப்புகள் திறக்கப்பட்டன. கடிதங்கள், நாட்குறிப்புகள், கூட்டக் குறிப்புகள். அவற்றில் தெரிந்த ஆள் வேறு மாதிரி: எல்லாவற்றையும் கவனித்து, கைத்தடத்தை மட்டும் மறைத்துக்கொண்டவர். 1955-இல் தைவான் நீரிணை நெருக்கடியின்போது ஒரு சங்கடமான கேள்வி வரப்போகிறது என்று பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் ஹேகர்ட்டி கவலைப்பட, 'அப்படிக் கேட்டால் நான் அவர்களைக் குழப்பிவிடுகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனார். குழப்பவும் செய்தார்.

அவர் கட்சிக்குக் காங்கிரஸ் முதல் இரண்டு வருடம்தான் கையில் இருந்தது. 1955 முதல் ஆறு வருடம் எதிரே சபாநாயகர் சாம் ரேபர்ன், செனட்டில் லிண்டன் ஜான்சன். மூவரும் மாலை வேளையில் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். 1956 நெடுஞ்சாலைச் சட்டம் அப்படி வந்தது: 41,000 மைல், செலவில் 90 சதவீதம் மத்திய அரசு. வீட்டோவிலும் ட்ரூமனோடு ஒப்பிடலாம்: 181 போட்டார், முறியடிக்கப்பட்டவை இரண்டே.

இருந்தாலும் அவருடைய எடை, நடக்காமல் விட்டவற்றில்தான் அதிகம். கொரியப் போர் பதவியேற்ற ஆறு மாதத்தில் நின்றது. அதன் பிறகு அவர் காலத்தில் அமெரிக்கா பெரிய போர் எதிலும் இறங்கவில்லை. நடக்காத போருக்குச் சிலை வைக்க மாட்டார்கள். பட்டியல் போடுகிறவர்களுக்கும் அது கண்ணில் படாது.

அதற்காக அவரை அளவுக்கு மீறித் தூக்கி வைக்கவும் வேண்டாம். பெரிய போரைத் தவிர்த்தவர், 1953-இல் ஈரானில் மொசாதேக் அரசையும் 1954-இல் குவாத்தமாலாவில் அர்பென்ஸ் அரசையும் சி.ஐ.ஏ. கவிழ்க்க அனுமதித்தவரும்தான். ஈரானில் அதற்கான விலை 1979 புரட்சியில் கேட்கப்பட்டது. அமெரிக்க அணுகுண்டுகள் அவர் காலத்தில் சுமார் ஆயிரத்திலிருந்து பதினெட்டாயிரத்தைத் தாண்டின. இன விவகாரத்தில் அவர் தள்ளினால்தான் நகர்ந்தார். 1957-இல் லிட்டில் ராக் பள்ளிக்கு ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பாதுகாப்பாக அனுப்ப ராணுவத்தின் 101-ஆம் வான்வழிப் படைப்பிரிவை இறக்கியது உண்மை. நீதிமன்றத் தீர்ப்பை ஒரு மாநில ஆளுநர் வெளிப்படையாக மீறியதால்தான் அதைச் செய்தார்.

கென்னடி பற்றிச் சுருக்கமாக

கேலப் சராசரி ஆதரவு 70 சதவீதம், நால்வரில் முதலிடம். உள்நாட்டுச் சட்டங்களில் கையில் மிஞ்சியது குறைவு. 1961 தொடக்கத்தில் விதிக்குழுவை 12 பேரிலிருந்து 15 ஆக்குவதற்கே 217-க்கு 212 என்று நூலிழையில்தான் ஜெயிக்க முடிந்தது என்றால் களம் புரியும். அவர் பெயர் நிற்பது, சோவியத் ஏவுகணைகள் கியூபாவில் இறங்கிய 1962 அக்டோபர் நெருக்கடியில். படைத்தளபதிகள் குண்டு போடச் சொன்னபோது அவர் கடல் முற்றுகையைத் தேர்ந்தார். துருக்கியிலிருந்து அமெரிக்க ஏவுகணைகளை எடுத்துவிடுகிறோம் என்று ரகசியமாக ஒப்புக்கொண்டு முடித்தார். இதுவும் நடக்காத ஒன்றுதான். அடுத்த ஆண்டு அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் செனட்டில் 80-க்கு 19 என்று தேறியது. ஆயிரம் நாள் ஆட்சியை எட்டு வருட ஆட்சிகளோடு நிறுத்துப் பார்ப்பதில் இதற்கு மேல் பயனில்லை.

ஒரே போர்

மருத்துவக் காப்பீடு போலவே வியட்நாமும் நால்வர் மேசைக்கும் வந்தது.

அங்கே கம்யூனிஸ்டுகளோடு போரிட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சுப் படைகளுக்கு ட்ரூமன் 1950-இல் உதவி தொடங்கினார். 1954 வசந்தத்தில் தியென் பியென் ஃபூவில் பிரெஞ்சுப் படை சுற்றி வளைக்கப்பட்டபோது, அமெரிக்க விமானங்கள் வந்து குண்டு போட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஐசன்ஹோவர் நேரடியாக மறுக்கவில்லை. காங்கிரஸ் தலைவர்களைக் கேளுங்கள் என்றார். ஏப்ரல் 3 அன்று வெளியுறவு அமைச்சர் டல்லஸ் அவர்களைக் கூட்டினார்; நேச நாடுகள் சேராமல் நாம் மட்டும் போகக்கூடாது என்றார்கள். பிரிட்டன் சேர மறுத்தது. ராணுவத் தலைமைத் தளபதி ரிட்ஜ்வேயும் தரைப்போர் என்ன கேட்கும் என்று கணக்குப் போட்டு எச்சரித்தார். தலையீடு நடக்கவில்லை. நிபந்தனைகளை அடுக்கி ஒரு முடிவைத் தானே சாகவிடுவது அவருடைய கை. (தென் வியட்நாமில் தியெம் அரசைத் தாங்கிப் பிடித்ததும் அவர்தான், முடிச்சு அங்கே போடப்பட்டது.)

ஏப்ரல் 3 கூட்டத்தில், கூட வருகிற நேச நாடு எது என்று கேட்ட காங்கிரஸ் தலைவர்களில் ஒருவர் லிண்டன் ஜான்சன்.

கென்னடி காலத்தில் அங்கிருந்த அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள் சுமார் 900-லிருந்து 16,000 ஆனார்கள். ஜான்சன் காலத்தில் 1964 ஆகஸ்டில், வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தரும் டாங்கின் வளைகுடாத் தீர்மானம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் 416-க்கு 0, செனட்டில் 88-க்கு 2. குடிமை உரிமைச் சட்டத்துக்கு ஓட்டு சேர்க்கப் பயன்பட்ட அதே அவசரம், அதே அழுத்தம், அதே கணக்குப் புலமை. இந்த முறை எதிர்க்கேள்வி கேட்க ஆளில்லாமல் போனது.

1965 ஜூலை 28 அன்று நடந்ததைக் கவனியுங்கள். செனட் மெடிகேரை 70-க்கு 24 என்று இறுதியாக நிறைவேற்றிய நாள் அது. அதே நாள் பகலில் ஜான்சன் செய்தியாளர்களைச் சந்தித்தார். வியட்நாமில் படை 75,000-லிருந்து 1,25,000 ஆகும் என்றார். அதே கூட்டத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு ஏப் ஃபோர்டஸை நியமிப்பதையும் அறிவித்தார், போர்ச் செய்தி தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாமல் இருக்கும்படி. போர்க்கால வரி கேட்கவில்லை, ரிசர்வ் படையை அழைக்கவில்லை. கேட்டிருந்தால் காங்கிரஸின் கவனமும் பணமும் போருக்குப் போய், வரிசையில் நின்ற நலத்திட்ட மசோதாக்கள் அடிபட்டிருக்கும். இரண்டு நாள் கழித்து ட்ரூமன் பக்கத்தில் சிரித்தபடி மெடிகேரில் கையெழுத்து. 1968 முடிவில் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் ஐந்து லட்சத்துக்கும் மேல். போர் முடியும்போது இறந்த அமெரிக்கர்கள் 58,000-க்கும் மேல், வியட்நாமியர் லட்சக்கணக்கில்.

இப்போது ராங்க்

1. கொடுத்த களத்துக்கு மேல் எடுத்தது என்று பார்த்தால் ட்ரூமனின் 1947-48, ஜான்சனின் 1964. இரண்டிலும் முன்னதுக்கே கூடுதல் மதிப்பெண் தருவேன். ஜான்சனுக்குக் கென்னடியின் மரணம் தந்த அனுதாபம் துணை நின்றது, ட்ரூமனுக்கு அப்படி எதுவும் இல்லை.

2. தவிர்த்தது என்று பார்த்தால் ஐசன்ஹோவர். கோப்புகள் திறந்ததும், வியட்நாமுக்குப் பின் போரைத் தவிர்த்தவர் மீது புது மரியாதை வந்ததும் சேர்ந்துதான் அவரை ஐந்தாம் இடத்துக்குத் தூக்கின.

3. நிலைத்தது என்று பார்த்தால் ஜான்சனை யாரும் நெருங்க முடியாது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 1964-இல் 19 சதவீதம், 1969-இல் 12.1 சதவீதம். மெடிகேரும் மெடிகெய்டும் இன்றும் நிற்கின்றன. அவரே பெரிதாக நினைக்காத ஒன்றும் நிலைத்தது. ட்ரூமன் 1946-இல் கையெழுத்திட்ட சட்டப்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர்தான் குடியேறலாம். 1965 அக்டோபர் 3 அன்று ஜான்சன் போட்ட குடியேற்றச் சட்டம், நாட்டுக்கு 20,000 வரை என்று கதவைத் திறந்தது. இது ஒன்றும் புரட்சிகரமான மசோதா இல்லை என்று கையெழுத்திடும்போதே சொன்னார். இன்று நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் இருக்கும் தமிழ்ப் பள்ளிகள் அந்தக் கையெழுத்தின் பின்விளைவு.

4. விலை என்று பார்த்தாலும் ஜான்சன்தான் முன்னால் நிற்கிறார். வரி கேட்காமல் நடத்திய போருக்கு 1967-இல் வரி கேட்க வேண்டி வந்தது: வருமான வரிமேல் 10 சதவீதக் கூடுதல் வரி. மசோதா போன இடம் வில்பர் மில்ஸின் குழு. செலவைக் குறைத்துக் காட்டினால் பார்க்கலாம் என்று மில்ஸ் பத்து மாதம் உட்கார்ந்திருந்தார். 1966 தேர்தலில் 47 இடங்கள் போயிருந்ததால் அவரை நெருக்க ஜான்சனிடம் ஓட்டு இல்லை. கடைசியில் 600 கோடி டாலர் வெட்டுக்கு ஒப்புக்கொண்டு, 1968 ஜூன் 28 அன்று கையெழுத்திட்டார். மறுபடியும் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று தொலைக்காட்சியில் அறிவித்து அப்போது அவருக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகியிருந்தது.